சின்னவளுக்கு மட்டும் இறங்காத காய்ச்சல்

அன்று காலையும் மாமியார் சின்னவளின் கால்களைத்தான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியவள் கஞ்சிக் கிண்ணத்தோடு கதவோரம் நின்றாள். உள்ளே போகவில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கைகள் ஒருநாளும் தன் காலைத் தொட்டதில்லை என்பதை அவள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தாள்.

"அங்கேயே நின்னு என்ன வேடிக்கை? கொண்டா, ஆறிப்போகுது," என்றாள் மாமியார்.

"நீங்க அமுக்கி முடிங்க அத்தை. கஞ்சிக்கு என்ன அவசரம்."

"காலங்காத்தால ஆரம்பிக்காத."

சின்னவள் கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. "எனக்கு வேண்டாம் அக்கா. வாசனையே குமட்டுது."

"என் கைப்பக்குவம் உனக்கு எப்பப் பிடிச்சது," என்று கிண்ணத்தை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் பெரியவள் வெளியே வந்தாள்.

இரும்பு உருக்காலையின் கேன்டீனை நடத்துவது இந்தக் குடும்பம்தான். ஒப்பந்தம் மாமியார் பெயரில். அடுப்பு பெரியவள் கையில். பெரியவளின் புருஷன் மூத்தவன் ஆலையில் கிரேன் ஓட்டுகிறான், சின்னவளின் புருஷன் இளையவன் லாரி. மூன்று வாரத்துக்கு முன் ஒரு மதியம், கேன்டீனில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். உலைக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள் கழிப்பறைக்கு முன்னால் நின்றார்கள். மாமியாருக்கும் போயிற்று, சின்னவளுக்கும் போயிற்று. மாமியார் படுத்த படுக்கையிலிருந்தே பழியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போட்டு, தொட்டியைக் கழுவவைத்து, மேனேஜர் வாயை அடைத்தாள்.

நான்கைந்து நாளில் எல்லாரும் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார்கள். சின்னவளுக்கும் வயிறு நின்றது. காய்ச்சல்தான் நிற்கவில்லை. தெருமுனை டாக்டரின் மாத்திரைக்கு ஒருநாள் இறங்கும், மறுநாள் ஏறும்.

பெரியவள் அதை நம்பவில்லை. ஊர் வயிறெல்லாம் சரியான பிறகு இவள் வயிறு மட்டும் என்ன தங்கத்தில் செய்ததா?

படுத்தாலும் படுத்தாள், வீடே அவள் கட்டிலைச் சுற்றித் திரிந்தது. பெரியவளின் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு "சித்தி, சித்தி" என்று அந்த அறைக்குத்தான் ஓடின. கட்டின பெண்டாட்டிக்கு ஒரு பழம் வாங்கி வந்தறியாத கிரேன்காரன், நேற்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். அதுவும் தோலை உரித்து, கொட்டையை எடுத்து, தட்டில் வைத்துத் தம்பி கையில் கொடுத்தான். பெரியவள் அந்தத் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

கேன்டீனிலும் இதே கதைதான். சின்னவள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. போனில் பார்த்து ஒரு வெள்ளை சாஸ் செய்யக் கற்றுக்கொண்டாள். பச்சை முட்டையின் மஞ்சள் கரு, எண்ணெய், எலுமிச்சை. எல்லாவற்றையும் போட்டு நுரைக்க நுரைக்க அடித்தால் ஆயிற்று. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். அதற்கு அவ்வளவு பெயர். ரொட்டிக்கு வைத்தால் ரொட்டி தீரும், கோழிக்கு வைத்தால் கோழி தீரும். அச்சு வார்க்கிற கிழவர் ஒருநாள் விரலை நக்கிக்கொண்டே, "இதைத் தொட்டுக்கிட்டா என் பூட்ஸையே தின்னுடுவேன் தாயி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷம் புகையில் வெந்தவள் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். அவள் சமையலுக்குப் பூட்ஸ் என்ன, செருப்பின் வாரைக்கூட யாரும் தின்பதாகச் சொன்னதில்லை.

அந்த சாஸை அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. வீம்பு. அந்த வீம்புதான் அன்று அவள் வயிற்றைக் காப்பாற்றியது.

உள்ளே ஏதோ சரிகிற சத்தம்.

கழிப்பறைக்குப் போக எழுந்த சின்னவள், சுவரைப் பிடித்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டித்து உடம்பு தூக்கிப் போட்டது. வலது கை அடிவயிற்றின் வலப்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தது.

"நல்லா இருக்கு நடிப்பு" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் பெரியவள் குனிந்து தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டாள். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

சின்னவளின் கை அழுத்திய இடத்தையே பார்த்தாள். அந்த இடம் அவளுக்குத் தெரியும். வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தாறு மாதத்துக்கு முன், மாதவிலக்கின்போது சின்னவள் கேன்டீன் மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். பெரியவள்தான் ஸ்கேனுக்குக் கூட்டிப் போனாள். வலது சினைப்பையில் கட்டி. உள்ளே பழைய ரத்தம் தேங்கிக் கருத்துப் போயிருக்கிறது, சாக்லேட் கட்டி என்பார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வரும் வழியில் சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம் அக்கா. இன்னும் ஒண்ணும் ஆகலையான்னு அத்தை மாசாமாசம் கேக்கறாங்க. கட்டின்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

பெரியவள் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசினால் அல்ல. எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற இவளுக்கும் உள்ளே ஒரு சொத்தை இருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு ருசி இருந்தது. அதை யாரோடும் பங்கு போட அவளுக்கு மனம் வரவில்லை. சின்னவள் மறுபடி காட்டப் போகவில்லை. பெரியவளும் நினைவுபடுத்தவில்லை.

வாடகைக் காரில் சின்னவள் தலை மாமியார் மடியில் கிடந்தது. ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவளின் தோளை மாமியார் பின்னாலிருந்து தட்டினாள்.

"ஆஸ்பத்திரில கேன்டீன் பேச்சு வரக் கூடாது. புரிஞ்சுதா?"

"கேட்டா?"

"கேட்டா காய்ச்சல். அவ்வளவுதான். இந்த வாரம் ஒப்பந்தத்தப் புதுப்பிக்கறாங்க. எவனாவது மேனேஜர் காதுல ஓதினா, நாளைக்கே வேற ஆளு உன் அடுப்புல உக்காந்திருப்பான்."

உன் அடுப்பு என்று மாமியார் சொன்னது இதுதான் முதல் தடவை. அது காதுக்கு இனிமையாக இருந்ததற்காகப் பெரியவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கிரேன்காரன் போனில் கூப்பிட்டான். "சின்னவளுக்கு எப்படி இருக்கு?"

"உயிரோட இருக்கா."

"என்ன பேச்சு இது. தம்பிக்குச் சொல்லிட்டேன், லோடை விட்டுட்டு வந்துட்டிருக்கான். நல்லாப் பாத்துக்க."

"நான் சாப்பிட்டேனான்னு கேளுங்க."

"என்ன? இங்க சத்தம்..." போன் துண்டிக்கப்பட்டது.

மருத்துவமனையில் குட்டை முடி வெட்டிய பெண் டாக்டர் சின்னவளின் வயிற்றை மெல்ல அழுத்தினாள். வலப்பக்கம் விரல் பட்டதும் சின்னவள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள்.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு நாளா," என்றாள் மாமியார்.

"அதுக்கு முன்ன வாந்தி, வயித்துப்போக்கு ஏதாவது?"

"அதெல்லாம் இல்லீங்க. சரியாச் சாப்பிட மாட்டா. அதான் பலவீனம்."

"கர்ப்பப்பை, சினைப்பையில முன்னாடி ஏதும் தொந்தரவு?"

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது."

சின்னவள் தலையைத் திருப்பிப் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"குடல்வாலா இருக்கலாம்னு நினைக்கறேன். ரத்தம் எடுக்கட்டும். ஸ்கேனுக்கு வரிசையில எழுதறேன்," என்று டாக்டர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள். மாமியார் மருந்துக் கடைக்குப் போனாள்.

திரை போட்ட அந்த இடத்தில் இருவர் மட்டும். நரம்பில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயே டாக்டர்கிட்ட கட்டியச் சொல்லித் தொலையேன்டி. வாய் இருக்குல்ல."

"அத்தை வந்துடுவாங்க அக்கா. அவருக்குத் தெரிஞ்சா..." சின்னவள் மூச்சு வாங்கினாள். "விடு. இது எனக்கு வேணும்தான்."

"எது?"

"சாஸ் நான் செஞ்சதுதானே. முட்டை கெட்டுப் போச்சோ, நான்தான் சரியா கழுவலையோ. எல்லாரையும் படுக்க வச்சுட்டேன். தொட்டி மேல அத்தை பழியப் போட்டப்ப நான் வாயத் திறக்கல. அதான் வலிச்சாலும் சொல்லல. அனுபவிக்கணும்னு விட்டுட்டேன்." கண்ணோரம் ஈரம் கசிந்தது. "உன்னைத்தான் நினைச்சேன் அக்கா. உன் சமையலைத்தானே ஜனங்க சந்தேகப்பட்டிருக்கும்."

பெரியவள் தன் தலைப்பால் அந்த ஈரத்தை அழுத்தித் துடைத்தாள். இரக்கம் என்று சொல்லிவிட முடியாது. தப்பைக்கூட இவளே எடுத்துக்கொண்டுவிட்டாளே என்கிற ஆத்திரமும் அதில் இருந்தது.

ஏனென்றால் முட்டை கெட்டுப் போகவில்லை.

அன்று காலை மசாலா தடவின கோழித் தொட்டியை வைக்க பெரியவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டு முழுக்க சாஸ் டப்பா. "இந்தப் பச்சைக் கரைசலுக்கு என்ன ராஜ மரியாதை" என்று அதைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உலைக்கூடம். திட்டில் கை வைத்தால் சுடும். உலை மூட்டியதிலிருந்து சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம்வரை டப்பா அங்கேயே இருந்தது. சின்னவள் கைகழுவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் துடைத்து உள்ளே வைத்துவிட்டாள். பந்தி முடிந்ததும் மிச்சத்தை ரொட்டியால் வழித்து வழித்துத் தின்றவள் சின்னவள்தான்.

கெட்டுப்போகும் என்று நினைத்துச் செய்யவில்லை. கெட்டுப்போகாது என்று நினைத்தும் செய்யவில்லை. தன் தட்டில் அவள் டப்பா இருக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தாள்.

சின்னவளின் உடம்பு மறுபடி தூக்கிப் போட்டது. கண் மேலே செருகியது.

செத்துவிடுவாளோ?

பெரியவளுக்கு முதலில் வந்த நினைப்பு அழகானதல்ல. செத்தால் இவள் இந்த வீட்டில் தெய்வமாகிவிடுவாள். மாமியார் மூச்சுக்கு மூச்சு இவள் பெயரைச் சொல்வாள். பிள்ளைகள் சித்தி படத்தைப் பார்த்து அழும். உயிரோடு இருக்கிறவளோடு சண்டை போடலாம், ஏசலாம், என்றாவது ஒருநாள் ஜெயிக்கலாம். படத்தோடு யார் ஜெயிப்பது?

இரண்டாவது நினைப்பு வரும் முன்பே அவள் திரையை விலக்கிவிட்டு நடந்திருந்தாள்.

"டாக்டரம்மா."

"கொஞ்சம் இருங்க, வர்றேன்."

"இருக்க முடியாது. எங்க அத்தை சொன்னது பொய். மூணு வாரத்துக்கு முன்ன கேன்டீன்ல சாப்பிட்டதுல பாதிப் பேருக்கு வாந்தி பேதி. இவளுக்கும்தான். பச்சை முட்டை போட்ட சாஸ். அது காலைல பூரா சூட்டுல இருந்துச்சு. அப்புறம் இவளுக்கு வலது சினைப்பையில கட்டி இருக்கு. சாக்லேட் கட்டின்னு சொன்னாங்க. நான்தான் கூட்டிப் போனேன்."

டாக்டர் திரும்பி அவளை முழுசாகப் பார்த்தாள். பிறகு நர்ஸிடம், "வரிசையெல்லாம் வேண்டாம். இப்பவே ஸ்கேன்" என்றாள்.

மாமியார் மருந்துப் பையோடு வந்தபோது படுக்கை காலியாக இருந்தது.

லாரிக்காரன் வந்து சேர்ந்ததும் டாக்டர் மூன்று பேரையும் நிறுத்திச் சொன்னாள்.

"சாப்பாட்டுல போன கிருமி மத்தவங்க வயித்த விட்டுப் போயிடுச்சு. இவங்களுக்கு ரத்தத்துல கலந்து அந்தக் கட்டியில போய் உக்காந்துடுச்சு. தேங்கின பழைய ரத்தம் கிருமிக்கு நல்ல தீனி. மாத்திரை அங்க சரியாப் போய்ச் சேராது. அதான் காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறியிருக்கு. இப்ப கட்டி முழுக்கச் சீழ். வெடிக்கறதுக்குள்ள எடுக்கணும்."

"கட்டியா?" என்றான் லாரிக்காரன். "என்ன கட்டி?"

மாமியார் பெரியவளைப் பார்த்தாள்.

"வயித்தத் திறந்தா கட்டி எப்படியும் தெரிஞ்சிருக்கும்," என்றாள் டாக்டர். "ஆனா என்ன கிருமின்னு தெரியாம ஏதோ ஒரு மருந்த ஏத்திக்கிட்டு ஸ்கேனுக்கும் காத்திருப்போம். இவங்களுக்கு அந்த அவகாசம் இல்ல. இவங்க சொன்னது நல்லதாப் போச்சு." பெரியவளைக் கையால் காட்டினாள். "அப்புறம், அத்தனை பேர் பாதிச்சிருக்காங்கன்னா சுகாதாரத் துறைக்கு நாங்க சொல்லியாகணும்."

டாக்டர் உள்ளே போனதும் மாமியார் பெரியவள் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியல, இல்ல?"

"இருந்திருந்தா உங்க செல்ல மருமக இப்ப இருந்திருக்க மாட்டா."

"கேன்டீன் போச்சு. நான் கட்டிக் காத்தது. போச்சு."

"நானும் அதுலதான் வெந்தேன் அத்தை."

மாமியார் எழுந்து போய்த் தாழ்வாரத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அறுவை முடிய மாலையாகிவிட்டது. டாக்டர் வெளியே வந்தாள். உயிருக்கு ஆபத்து இல்லை. வலது சினைப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. இடப்பக்கம் நன்றாக இருக்கிறது, குழந்தை பெற அது போதும்.

லாரிக்காரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெரியவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அவன் கையில் லாரி கிரீஸ் இன்னும் போகவில்லை.

"அண்ணி. கட்டி இருக்குன்னு உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஆறு மாசமா."

"நான் அவ புருஷன்."

"தெரியும் தம்பி."

"என்கிட்ட சொல்லாம உங்ககிட்ட ஏன் சொன்னா? உங்களுக்கும் அவளுக்கும் பேச்சே சரியா இருக்காதே. எந்நேரமும் கரிச்சுக் கொட்டுவீங்களே."

 அவன் கேட்ட விதத்தைத்தான் பெரியவள் கவனித்தாள். அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை. தனக்குக் கிடைக்க வேண்டியது இன்னொருத்திக்குக் கிடைத்துவிட்டதே என்கிற காந்தல். இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் அப்படிக் காந்தியதில்லை.

அது நன்றாகத்தான் இருந்தது.

நர்ஸ் கதவைத் திறந்தாள். "முழிச்சிட்டாங்க. ஒருத்தர் மட்டும் வாங்க."

லாரிக்காரன் எழுந்துவிட்டான்.

"அக்கான்னு கேக்கறாங்க. யாரு அக்கா?"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பெரியவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். நடையில் ஒரு மிடுக்கு ஏறிவிட்டது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை.

சின்னவள் வெளுத்துக் கிடந்தாள். பேச்சு காற்றாக வந்தது.

"எடுத்துட்டாங்களா?"

"ஒரு பக்கம். இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்காம். பெத்துக்கலாம்."

"நீதான் சொன்னியாமே. நர்ஸ் சொன்னாங்க."

"யாராவது சொல்லித்தானே ஆகணும்."

சின்னவள் அவள் விரலைத் தேடிப் பிடித்தாள். "நான் இனிமே கேன்டீன் பக்கம் வரல அக்கா. என் சாஸால உனக்கு எவ்வளவு கேவலம். எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன், தப்பு என்னோடதுன்னு. அடுப்பு உன்னோடதாவே இருக்கட்டும்."

இரண்டு வருஷமாகப் பெரியவள் ஏங்கியது இதற்குத்தான். கேட்காமலேயே கையில் வைத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம்.

தலை ஆடவில்லை.

"முட்டை நல்ல முட்டைதான்," என்றாள்.

"என்ன?"

"உன் டப்பாவ நான்தான் ஃபிரிட்ஜுல இருந்து எடுத்தேன். கோழிக்கு இடம் வேணும்னு ஒரு சாக்கு. உலை ஜன்னல் திட்டுல வச்சேன். மத்தியானம் நீ வர்றதுக்குள்ள திருப்பி உள்ள வச்சுட்டேன். உன்ன எல்லாரும் கொண்டாடறது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான் விஷயம்."

சின்னவள் அவளையே பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. பிடித்திருந்த விரலை விட்டாள். இழுத்துக்கொள்ளவில்லை, விட்டாள்.

அடிவயிற்றுக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அவரை வரச் சொல்லு அக்கா."

பெரியவள் வெளியே வந்தாள். "உன்னைத்தான் கூப்பிடறா தம்பி."

அவன் முகம் மலர்ந்தது. ஏறக்குறைய ஓடினான். கதவு தானாக மூடிக்கொண்டது.

கதவில் கைப்பிடிக்கு மேலே ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. பெரியவள் அதன் முன்னாலேயே நின்றாள். சின்னவளின் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. லாரிக்காரன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு நிமிர்ந்து, மெதுவாகக் கண்ணாடியின் பக்கம் திரும்பினான். உள்ளே போகும்போது இருந்த மலர்ச்சி அந்த முகத்தில் இல்லை.